தாத்தாவுக்குத் தலையில் ஆபரேஷன்!

அறுபது வயது ஆனால் நமக்கு மாலை போட்டு, போண்டா கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் சமீபத்தில் தலையில் ஆபரேஷன் நடந்தது, மறுபடி வேலைக்கு அனுப்புவதற்காக! பேஷண்ட் பெயர் டாடா மெர்ஸிடிஸ் பென்ஸ். உடனே ஏ.ஸி. கார், கறுப்புக் கண்ணாடி என்று கற்பனை செய்யாதீர்கள். இது மூக்கு நீண்ட, மூட்டை சுமக்கிற லாரி.

ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்வதற்காக 1945-ல் ஆரம்பித்த கம்பெனி டெல்கோ. 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கைகோத்து லாரிக்குத் தாவியது. 15 வருஷ ஒப்பந்தம். 1969-ல் அது முடிந்ததும் முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. நம் பேஷண்ட் நட்சத்திரக் காலத்து ஆசாமி.

உள்ளே இருப்பது ஓ.எம். 312 எஞ்சின். ஜெர்மனியில் 1949-ல் பிறந்தது. ஆறு சிலிண்டர். ஒவ்வொன்றும் 90 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 120 மி.மீ. பி.காம். படித்த தோஷம், கால்குலேட்டரைத் தட்டினேன். சுமார் 4,580 சி.சி. வருகிறது! சக்தி என்னவோ 90, 100 குதிரைதான். இன்றைக்குச் சாதாரண காரே அவ்வளவு காட்டும். காரில் நாலு டன் நெல் ஏற்றிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

லாரி ஓனருக்கு எழுபது வயதிருக்கும். இதே வண்டியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் வண்டியையே வாங்கிவிட்டவர். இப்போது ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை, குமிழ் குமிழாக வருகிறது. பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். மகன், 'குடுத்துடலாங்கப்பா' கட்சி. கடைசியில் அப்பாவும் மகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஹெட் தேறினால் வண்டி; தேறாவிட்டால் தராசு.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துகிற அழுத்தில் வருகிற சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். மூடி சரியில்லாத குக்கர் எங்கே விசிலடிக்கும்? இதில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே நீள வார்ப்பிரும்பு ஹெட், பன்னிரண்டு வால்வு. ஒரு மூலையில் விரிசல் விட்டால் மொத்தத்துக்கும் ஆபத்து!

ஹெட்டை இறக்கி, காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறப்போட்டுக் கரியை எடுத்தார்கள். பிறகு பெரிய மெக்கானிக் அதன்மேல் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, தானா எழுதும் பாருங்க" என்றார். எழுதியது! விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து, நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே மயிரிழைக் கோடாகத் தெரிந்தது. ஓனர் எழுந்து வெளியே போய் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

வெல்டிங் வைக்கலாமே என்பீர்கள். வார்ப்பிரும்பு ரோஷக்காரன். ஓரிடத்தில் மட்டும் சூடு பண்ணிச் சட்டென்று ஆறவிட்டால், பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விட்டுப் பழி வாங்கும். வெல்டிங் சொதப்பினால் இருக்கிற ஒரே ஹெட்டும் போச்சு. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க இன்னொரு ஹெட் எந்தக் கடையில் இருக்கிறது?

"வெச்சிடுங்க. ஆறது ஆகட்டும்" என்றார் ஓனர்.

கரி அடுப்பில் முழு ஹெட்டையும் சீராகச் சூடாக்கி, விரிசலைத் தோண்டி, நிக்கல் ராடில் வெல்டிங் வைத்து, சாம்பலுக்குள் புதைத்துவிட்டார்கள். மெள்ள ஆறவேண்டும். அதுவரை அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்கக் கூடாது. (பி.எஃப். லோனுக்கு எழுதிப் போட்டவர்களுக்கு இந்தப் பொறுமை பழக்கம்தான்!)

மறுநாள் தண்ணீர் வழிகளையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, தொட்டியில் முக்கினார்கள். குமிழ் வந்தால் கதை முடிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மகனும்தான். ஒரு குமிழ்கூட இல்லை!

அப்புறம் லேத் பட்டறை ராஜ்யம். சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, அடிப்பக்கத்தைக் கொஞ்சூண்டு சீவினார்கள். ஆசைப்பட்டு அதிகம் சீவினால் பிஸ்டன் வந்து வால்வை முட்டும். புது சீட்டைக் குளிரவைத்துச் சுருக்கி, சூடான ஹெட்டில் இறக்கினார்கள். விரிந்ததும் இறுகக் கவ்விக்கொள்ளும். பிறகு பொடிப்பையன் ஒருவன் வால்வில் பேஸ்ட் தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்டினான். பன்னிரண்டு வால்வுக்கும் கடைந்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

கீழே பிளாக்கில் ஸ்லீவ், பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் மாற்றியதை விஸ்தரிக்கப் போவதில்லை. அந்த பில்லை ஓனர் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், மகன் கண்ணில் படாமல்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரெஞ்சில் முறுக்கினார்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் ஹெட் கோணிக்கொள்ளும். ஹீட்டர் பிளக்கைச் சூடேற்றி ஸ்டார்ட்டரை அழுத்த, இரண்டு தடவை தும்மி, ஒரு மூட்டை வெள்ளைப் புகையைக் கக்கி... தாத்தா பேச ஆரம்பித்துவிட்டார்!

கொஞ்ச நாள் லோடு ஏற்றாமல் நிதானமாக ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து போல்ட்டை ஒரு தரம் முறுக்கி, டேப்பட் இடைவெளி பார்க்க வேண்டுமாம். அப்படி வந்த அன்று கிளீனர் சீட்டில் மகன். "நீங்க பி.காம்.னு சொன்னாங்க. இந்தச் செலவை ஆடிட்டர்கிட்ட எந்தக் கணக்குல எழுதச் சொல்றதுங்க?" என்றார்.

"ரிப்பேர் செலவுன்னு போடுங்க" என்றேன்.

ஓனர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "வைத்தியச் செலவுன்னு போடச் சொல்லுங்க தம்பி!"