எழுத்து அட்டை காட்டாத வீக்கம்

1962 பிப்ரவரியில் ஜான் கிளென் ‘ஃபிரெண்ட்ஷிப் 7’ கலத்தில் பூமியைச் சுற்றியபோது, அவர் முன்னிருந்த கருவிப் பலகையின் மேல் ஒரு சின்ன எழுத்து அட்டை இருந்தது. கண் டாக்டர் வாசிக்கச் சொல்வாரே, அதேதான். எடையற்ற நிலையில் கண்ணின் வடிவம் மாறிப் பார்வை கெடுமோ என்று அன்றைய மருத்துவர்கள் சிலர் அஞ்சினார்கள். ஐந்து மணி நேரத்துக்குள் கிளென் திரும்பிவிட்டார். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1965இல் ஜெமினி 5 பறந்த எட்டு நாளிலும் சோதித்தார்கள். டெக்சாஸின் லாரெடோ அருகே தரையில் பெரிய வடிவங்களை விரித்து, மேலிருந்து தெரிகிறதா என்று கேட்டார்கள். குறையில்லை என்றதும் பயம் அடங்கியது.

பயம் நியாயமானதுதான். நாள்தான் போதவில்லை.

விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கும் காலம் வந்தது. 2009இல் அங்கிருந்த வீரர்கள் மைக்கேல் பாரட், ராபர்ட் தர்ஸ்க் இருவருக்கும் பக்கத்திலிருக்கும் எழுத்து மங்கியது. இருவருமே மருத்துவர்கள், ஒருவர் கண்ணை மற்றவர் பரிசோதித்தார். பார்வை நரம்பின் முனையில் வீக்கம் தென்பட்டது. நல்ல கேமரா ஒன்றை நாசா மேலே அனுப்பிவைத்தது. நீண்ட பயணம் போய்வந்த ஏழு பேரைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வில், ஐவருக்கு நரம்பு முனை வீங்கியிருந்தது. ஐவருக்கு விழியின் பின்புறம் தட்டையாகியிருந்தது. கண்ணின் வடிவம் மாறத்தான் செய்கிறது!

தரையில் நிற்கும்போது உடலின் நீர் காலை நோக்கி இறங்குகிறது. எடையற்ற நிலையில் அது தலைப்பக்கம் ஏறி, மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. முதல் சந்தேகம் அதன் மேல்தான்; முழுக் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

2013 முதல் நிலையத்தில் ஓ.சி.டி. கருவி இருக்கிறது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுத்து, மைக்ரான் கணக்கில் தடிமன் சொல்லும். சக வீரர் கருவியை இயக்க, ஹூஸ்டனில் நிபுணர்கள் படத்தைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் உண்டு. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது கருவியல்ல, கேள்வி மாறியதுதான். அன்று ‘என்ன தெரிகிறது?’ என்று வீரரைக் கேட்டார்கள். நரம்பு வீங்கியவரும் அட்டையின் கடைசி வரியைத் தப்பில்லாமல் வாசித்துவிடலாம். அதனால் இன்று கண்ணுக்குள்ளேயே பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்குப் போனால் ஹூஸ்டனின் வழிகாட்டல் இப்படி உடனுக்குடன் கிடைக்காது. கோள்கள் தொலைவில் இருக்கும்போது ஒரு சொல் போய்ச் சேரவே இருபது நிமிடத்துக்கு மேலாகும். படம் எடுப்பதையும் அதைப் படித்து முடிவெடுப்பதையும் கலத்தில் இருப்பவர்களே செய்தாக வேண்டும். அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்குவதுதான் முறை.