எந்தப் படம்பா இது?

ஒரு பாட்டு நிற்குமா நிற்காதா என்பதை யூடியூப் கணக்கு சொல்லும் என்பார்கள். எனக்குக் குழாய் ஸ்பீக்கர்தான் சொல்லும். பேரையூர்ப் பக்கம் கோயில் பொங்கல், காதுகுத்து, சடங்கு வீடு என்று மைக்செட் கட்டுகிறவன் நான்.

குழாயில் அடிச்சத்தம் வராது. மனுசக் குரலைத்தான் பிடித்துக்கொண்டு கரிசல்காடு தாண்டி எறியும். பேஸை நம்பிச் செய்த பாட்டை அதில் விட்டால் தாளம் செத்து, டிக்கு டிக்கு என்று தகரச் சத்தம்தான் மிஞ்சும். அதற்கெல்லாம் பாக்ஸ் ஸ்பீக்கர் கட்ட வேண்டும்.

இப்போது இளவட்டங்கள் நீட்டுகிற பென்டிரைவில் பாதி, படத்தில் வராத ஆல்பம் பாட்டுதான். பாடகர்கள் திப்பு, ஹரிணியின் மகன் சாய் அபயங்கர் 2024 ஜனவரியில் விட்ட 'கட்சி சேர' பாக்ஸில் கிளம்பினால் பந்தல் ஆடும். குழாயில் போட்டால் வெத்து. ஹிப்ஹாப் தமிழாவின் 'டக்கரு டக்கரு' இரண்டிலும் நின்றது. ஜல்லிக்கட்டுப் பாட்டுக்கு மதுரைச் சீமையில் தனியாக ஆதரவு தேட வேண்டுமா என்ன!

சினிமாவில் வராத பாட்டு நமக்குப் புதுசு என்று யாரும் சொல்ல வேண்டாம். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இல்லாமல் எந்த ஊரில் ஆடி பிறந்தது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு ஊர் ஊராகச் சேகரித்துப் பாடிய நாட்டுப்புறப் பாட்டுக் கேசட்டுகள் தேயத் தேய ஓடியிருக்கின்றன. ஆனால் கல்யாண வீட்டில் மட்டும் சினிமாப் பாட்டுதான் ராஜா.

அந்த ராஜாங்கத்தை எங்கள் பக்கம் அசைத்தது 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது. பாடகர் அறிவும் பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த, காணி நிலம் இல்லாத சனங்களின் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து தோட்டத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளுமாகப் பல லட்சம் பேர் கப்பலேறித் திரும்பி வந்தார்கள்.

முளைப்பாரி ஊர்வலத்துக்கு முந்தி குழாயில் அதை ஓடவிட்டேன். ஆட்டம் போட்ட பிள்ளைகளை விடுங்கள். பாட்டு ஒப்பாரி ராகத்துக்கு இறங்கியதும், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உலக்கையை நிறுத்திவிட்டு, "ஏப்பா, இது எந்தப் படம்?" என்றார். "படம் இல்ல அப்பத்தா, பாட்டு மட்டும்தான்" என்றேன். "படமில்லாம எதுக்குய்யா பாட்டு?" என்றவர், அடுத்த நிமிசமே திரும்பப் போடச் சொன்னார். குரல் முன்னால் நிற்கிற பாட்டு என்பதால் குழாயிலும் ஒரு சொல் சிந்தவில்லை.

யூடியூபில் நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட இந்தப் பாட்டுக்கே பேரும் காசும் தகராறானது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. மெட்டும் சொல்லும் என்னுடையவை என்று அறிவு எழுதினார். மூன்று பேரும் சேர்ந்து செய்தது என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில், மூன்று வருசமாகியும் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்றும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். படத்துப் பாட்டென்றால் போஸ்டரில் நாலு பேர் பெயராவது இருக்கும். ஆல்பம் பாட்டு பென்டிரைவுக்குள் வரும்போது பெயரெல்லாம் உதிர்ந்து, 'நியூ சாங் 7' என்றுதான் வருகிறது.

காசு விவகாரத்தில் மைக்செட்காரன் என்ன செய்ய முடியும்? பெயரைச் சொல்ல முடியும். மொய் எழுதியவர் பெயரை ஊரே கேட்க மூன்று தடவை வாசிக்கிறோமே! தொழில்கார அண்ணன் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: அடுத்த முறை ஆல்பம் பாட்டு போடுமுன் மைக்கை எடுங்கள், எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.