குரல் இழந்த பறவையைப் பாடவைத்த சிப்!

பெட் ஷாப் கூண்டுகளில் சிவந்த அலகோடு துள்ளித் திரியும் குட்டிப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஸீப்ரா ஃபின்ச். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தப் பறவை, பேச்சை இழந்த மனிதர்களுக்குக் குரல் தேடும் ஆராய்ச்சியில் இன்று முக்கியமான ஆள்!

குழந்தைகள் பெரியவர்களைக் கேட்டுப் பேசப் பழகுவதுபோல, ஆண் ஃபின்ச் தன் அப்பாவைக் கேட்டுத்தான் பாடக் கற்கிறது. அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு அதன்மேல் அத்தனை ஆர்வம்.

பாட்டு எங்கே பிறக்கிறது?

நமக்குக் குரல்வளை மூச்சுக்குழாயின் உச்சியில் இருக்கிறது. பறவைகளுக்கோ அடியில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் சிரிங்ஸ். இரு கிளைகளிலும் அதிரும் மடிப்புகள் உண்டு. எனவே, சில பறவைகளால் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரங்களைப் பாட முடியும்.

இவ்வளவு சிக்கலான பாட்டை எலெக்ட்ரானிக் கருவியில் கொண்டுவர முடியுமா? அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் கேப்ரியல் மிண்ட்லினின் குழு, சிரிங்ஸின் வேலையைச் சில சமன்பாடுகளில் அடக்கியது. பழைய ரேடியோவின் இரண்டு திருகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, காற்றின் அழுத்தம். இன்னொன்று, சிரிங்ஸ் தசைகளின் இறுக்கம். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மடிப்புகள் அதிர்ந்து ஒலி பிறக்கும். இறுக்கம் கூடினால் ஸ்வரம் ஏறும். இந்த இரண்டையும் கூட்டிக் குறைத்தாலே, நிஜப் பாட்டுக்கு மிக நெருக்கமான பாட்டு வந்துவிடுகிறது!

பறவையே ஏற்றுக்கொண்டது

2012-ல் இந்தக் குழு, ஒலி எழுப்ப முடியாதபடி செய்யப்பட்ட ஒரு பறவையின் உடல் சிக்னல்களை ஒரு சிப்புக்கு அனுப்பியது. பறவை பாட முயன்ற அதே நொடியில் சிப் பாடியது.

அடுத்த ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்னொரு சோதனை. தூங்கும் பறவைக்கு அதன் சொந்தப் பாட்டைப் போட்டால், மூளையின் குறிப்பிட்ட நரம்பு செல்கள் துடிக்கும். செயற்கைப் பாட்டைப் போட்டபோதும் அதே செல்கள் துடித்தன!

2021-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து விஞ்ஞானிகள், ஃபின்ச்சின் மூளை சிக்னல்களிலிருந்தே பாட்டை உருவாக்கினார்கள். மூளையிலிருந்து முழு ஒலியையும் படித்தெடுப்பது கடினம். 'எவ்வளவு காற்று, எவ்வளவு இறுக்கம்' என்பதை மட்டும் படித்துவிட்டால், மீதியைச் சமன்பாடு பார்த்துக்கொள்கிறது.

மனிதப் பேச்சு இதைவிடச் சிக்கலானது. நாக்கு, உதடு, தாடை எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். ஆனாலும், பேச நினைத்தும் பேச முடியாமல் படுத்திருக்கும் ஒருவரின் குரலை எங்கிருந்து மீட்கத் தொடங்கலாம் என்று, ஒரு குட்டிப் பறவை வழிகாட்டியிருக்கிறது.