குளவிக் கூட்டில் ஒரு கணக்கு

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் பேச்சு. லப்பைக்குடிக்காட்டில் வெள்ளாற்றங்கரை வீடானாலும் சரி, சென்னையில் மாடி வீடானாலும் சரி, சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவியைப் பார்க்காதவர் இரார். அது பச்சைப் புழு ஒன்றைத் தூக்கி வருகிறது, கூட்டுக்குள் திணிக்கிறது, வாயை மண்ணால் பூசி அடைக்கிறது. பிறகு ஒரு நாள் அந்தப் பூச்சைத் துளைத்துக்கொண்டு குளவி ஒன்று வெளியே வருகிறது. புழு உள்ளே போயிற்று, குளவி வெளியே வந்தது. ஆகவே புழுவே குளவியாயிற்று என்று முன்னோர் முடிவு கட்டினர்.

அவர்கள் பார்த்தது ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு செய்கை கண்ணுக்குத் தப்பிவிட்டது. புழுவைக் கொண்டு வருமுன்பே தாய்க் குளவி கூட்டுக்குள் முட்டையிட்டு விடுகிறது. கொட்டுவது புழுவை அசையாமல் கிடக்கச் செய்வதற்காக. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்தப் புழுதான் சோறு!

பிராணிகளின் நடத்தையை ஆராய்கிறவர்களுக்கு இதுவே பெரிய தொல்லை. எது எதற்குப் பின் வருகிறது என்ற வரிசையில் ஓர் இடம் தவறினால் முடிவே தலைகீழாகிவிடும். வரிசை முழுவதையும் கண்டாலும் போதாது. பிரெஞ்சு நாட்டுப் பூச்சி ஆராய்ச்சியாளர் பாபர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒரு வேடிக்கை செய்தார். வேட்டைக் குளவி ஒன்று தான் பிடித்த சில்வண்டை வளை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சோதித்துத் திரும்பி வந்து, பிறகே இரையை இழுத்துச் செல்லும். அது உள்ளே போன சமயம் பார்த்து அவர் சில்வண்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். குளவி அதை மறுபடி வாசலுக்கு இழுத்து வந்தது. மறுபடி உள்ளே போய்ச் சோதித்தது. நாற்பது தடவை இப்படி! குளவிக்குப் புத்தியே இல்லை, சாவி கொடுத்த பொம்மைதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வேறோர் இடத்துக் குளவிகள் இரண்டு மூன்று தடவை ஏமாந்ததும், சோதனையை விட்டுவிட்டு இரையை நேரே உள்ளே இழுத்துச் சென்றன என்பதையும் பாபரே எழுதி வைத்திருக்கிறார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம்; குளவிக் கூட்டத்துக்கு ஒரு குளவி பதமாகாது.

‘ங்’ வந்தால் அடுத்தது?

இங்கேதான் புள்ளியியல் உதவிக்கு வருகிறது. தமிழில் ‘ங்’ என்று எழுதினால் அடுத்து வரும் எழுத்து எது என்று சிறு பிள்ளையும் சொல்லும்: ‘க’ வரிசை. ‘ம்’ என்று எழுதினால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. முன்னதைக் கொண்டு பின்னதை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்பதை ருஷ்யக் கணித மேதை மார்க்கோவ் எண்ணிக் காட்டினார். 1913-ல் புஷ்கினின் ‘யூஜின் ஒனேகின்’ காவியத்தில் 20,000 எழுத்துக்களை எடுத்துக்கொண்டு, உயிருக்குப் பின் மெய் எத்தனை, மெய்க்குப் பின் உயிர் எத்தனை என்று கணக்கிட்டார்.

எழுத்துக்கு உள்ள கணக்கு செய்கைக்கும் பொருந்தும். ஒரு குளவியின் செய்கைகளில் நூற்றுக்குப் பத்து, அறைக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போய் வந்தவுடன் அது செய்த காரியங்களை 20 தடவை குறித்திருக்கிறோம். இரண்டுக்கும் தொடர்பில்லையானால், அவற்றில் 2 தடவைதான் தலையை நுழைத்திருக்க வேண்டும். குறிப்பேட்டில் 9 தடவை என்று இருந்தால்? தொடர்பு இருக்கக்கூடும். தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வருமா என்று நிறுத்துப் பார்க்க, 1900-ல் கார்ல் பியர்ஸன் வகுத்த ‘கை வர்க்கம்’ என்ற சோதனை இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: ஒரே குளவியை நூறு தடவை பார்ப்பதும், நூறு குளவிகளை ஒவ்வொரு தடவை பார்ப்பதும் ஒன்றல்ல. படித்தவர்களும் சறுக்கும் இடம் இது.

இந்தக் கணக்குக்கு ஆளானவை நம் நாட்டுக் குரங்குகளே! 1938-ல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட சுமார் 400 குரங்குகள், போர்ட்டோ ரிக்கோவை அடுத்த கயோ சாந்தியாகோ என்ற சின்னத் தீவில் விடப்பட்டன. அவற்றின் சந்ததியை ஸ்டூவர்ட் ஆல்ட்மன் என்பவர் 1956 முதல் 1958 வரை கவனித்து எழுதினார். முந்திய செய்கைகள் தெரியத் தெரிய, அடுத்த செய்கையைப் பற்றிய ஐயம் குறைகிறது என்று 1965-ல் கணக்கோடு காட்டினார்.

ஜன்னலில் கிடைத்த ஆராய்ச்சி

நம் பக்கத்துக்கு வருவோம். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் ராகவேந்திர கடக்கர் மாணவராக இருந்தபோது, ஜன்னல்களில் கூடு கட்டியிருந்த குளவிகள் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டன. இவை மண்கூட்டுக் குளவிகள் அல்ல. நாரை மென்று காகிதம்போல் கூடு கட்டிக் கூட்டமாக வாழ்பவை. ரோப்பலிடியா மார்ஜினாட்டா என்பது விஞ்ஞானப் பெயர். பின்னர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், என்.வி. ஜோஷியுடன் சேர்ந்து, ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் பொட்டு வைத்து, எது எவ்வளவு நேரம் என்ன செய்கிறது என்று குறித்தார். 1983-ல் வெளியான முடிவு இது: ஒரே மாதிரி தோன்றும் இக்குளவிகள் கணக்கில் மூன்று கூட்டமாகப் பிரிகின்றன. உட்காருவோர், சண்டையிடுவோர், இரை தேடுவோர்.

ராணி எந்தக் கூட்டத்தில் இருப்பாள்? சண்டைக்காரிகளிடையே என்றுதானே நினைப்போம்? இல்லை, சும்மா உட்காருவோரிடையே இருக்கிறாள்! வேலையை அவள் ஏவுவதில்லை. வேலைக்காரக் குளவிகளே ஒன்றையொன்று கடித்துத் துரத்துகின்றன. அதிகக் கடி வாங்குபவையே அதிகமாக இரை தேடப் போகின்றன. மாமியார் இல்லாத வீட்டில் மருமகள்கள் வேலை பிரித்துக்கொள்ளும் லட்சணம் என்று சொல்லலாம்.

இதற்கெல்லாம் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. வண்ணம், கடிகாரம், நோட்டுப் புத்தகம், அசையாமல் உட்காரும் பொறுமை. அற்பச் செலவில் செய்யத்தக்க பிராணி நடத்தைச் சோதனைகளைப் பற்றி கடக்கர் 2021-ல் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறார். லப்பைக்குடிக்காட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் தம் வீட்டு ஜன்னலிலேயே தொடங்கலாம். கொட்டு வாங்காத தூரத்தில்.

ஆனால் கணக்குக்கும் பிடிபடாத ஒருத்தி கூட்டில் இருக்கிறாள். ராணியை எடுத்துவிட்டால் சிறிது நேரத்துக்குள் ஒரு வேலைக்காரி திடீரென்று மூர்க்கமாகி, மற்றவற்றை அடக்கத் தொடங்குகிறாள். ஒரு வாரம் போல் கழிந்தால் முட்டையிடுகிறாள், மூர்க்கமும் தணிகிறது. அவளையும் எடுத்தால் மற்றொருத்தி. அவளையும் எடுத்தால் இன்னொருத்தி. போட்டியோ பூசலோ இல்லை. வரிசை குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று 2008-லும் 2012-லும் வெளியான ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆனால் ராணி இருக்கும்போது எடுத்த குறிப்புகளை எப்படிப் புரட்டினாலும், அடுத்தவள் யார் என்று அந்த ஆராய்ச்சியாளர்களால் நடத்தையைக் கொண்டு சொல்ல முடியவில்லை. வயதில் மூத்தவள் என்பது ஓரளவு பொருந்துகிறது, முழுவதும் பொருந்தவில்லை.