மடிவீக்கத்திற்கு மூலிகைப் பூச்சு

கறவை மாடு வைத்திருப்போர் பெரிதும் அஞ்சுவது மடிவீக்க நோய்க்கே. ஒரு காம்பு கெட்டுவிட்டால் அவ்வீற்றுடன் இழப்பு நிற்பதில்லை. பல மாடுகளில் அக்காம்பு மீண்டும் சுரப்பதே இல்லை. ஆகவே பால் திரிந்து வந்தவுடன் ஆன்டிபயாடிக் ஊசியை நாடுகிறோம். ஆனால் இம்மருந்தின் எச்சம் பாலில் வெளிவரும். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோய்வதில்லை. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்களையும் மருந்து தடுத்துவிடுகிறது. அடிக்கடி, அரைகுறை அளவில் ஊசி போட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். உணவுக்கான கால்நடைகளில் கோலிஸ்டின் மருந்தை 2019இல் இந்திய அரசு தடை செய்தது இக்காரணத்தாலேயே.

தொடக்க நிலை வீக்கத்திற்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் ஒரு மூலிகைப் பூச்சைப் பரிந்துரைக்கின்றன. சோற்றுக்கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைக்கவும். ஆரத்தி நீரைப்போல் விழுது சிவந்துவிடும். மஞ்சளிலுள்ள குர்குமின் சுண்ணாம்பின் காரத்தில் நிறம் மாறுவதே இது. மஞ்சள் வீக்கத்தைத் தணிக்கும். கற்றாழைச் சாறு மருந்தைத் தோலில் ஒட்டவைக்கும். குர்குமின் காரத்தில் விரைவில் சிதைவதால் விழுதை அன்றன்றே அரைக்க வேண்டும். சுண்ணாம்பைக் கண்ணளவாகக் கூட்டினால் காம்பு புண்ணாகும்.

பாலை முற்றிலும் கறந்து கீழே கொட்டாமல் அப்புறப்படுத்தி, மடியைக் கழுவவும். ஒரு கைப்பிடி விழுதை நீரில் கரைத்து மடி முழுவதும் பூசவும். நாளொன்றுக்கு 10 முறை, 5 நாட்கள் பூச வேண்டும். காலையும் மாலையும் மட்டும் பூசிவிட்டு மருந்தைக் குறை கூறுவோர் உண்டு; அது நியாயமன்று.

மூலிகை எல்லா நிலைக்கும் போதும் என்பதையும் ஏற்பதற்கில்லை. காய்ச்சல் கண்டு மாடு தீனி எடுக்காவிட்டாலோ, மடி கல்போல் இறுகினாலோ, குளிர்ந்து நீலம் பாரித்தாலோ பூச்சை நம்பி ஒரு வேளைகூடக் காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவரை உடனே அழைக்கவும். அவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சொன்ன நாட்கள் முழுவதும் போட்டு, அவர் குறிப்பிடும் நாள்வரை பாலை விற்காதிருக்கவும்.

கறந்தபின் காம்புத் துவாரம் அரைமணி நேரமாவது திறந்தேயிருக்கும். அப்போது மாடு சாணத்தில் படுத்தால் கிருமி எளிதில் புகும். கறந்தவுடன் பசுந்தீவனம் போட்டால் மாடு நின்று தின்னும்.