மாநிலத்துள் கவுண்டிகள்: வர்ஜீனியா காட்டும் வணிக, பொருளாதார நன்மைகள்

முன்னுரை

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சியை ஆராய்வோர் நடுவண் அரசின் கொள்கைகளையும் மாநில அரசின் திட்டங்களையும் முதன்மைப்படுத்துவது வழக்கம். அவற்றிற்குக் கீழே அமைந்துள்ள வட்டார நிருவாக அலகுகள் பெரும்பாலும் வரைபடத்தில் வரையப்பட்ட கோடுகளாகவே கருதப்படுகின்றன. ஆயினும் தொழிற்சாலை எங்கு எழும்புகிறது, அதனால் கிடைக்கும் வரி எந்தப் பள்ளிக்குச் செல்கிறது என்னும் வினாக்களுக்கு இக்கோடுகளே விடையளிக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கவுண்டிகளைச் சான்றாகக் கொண்டு, இத்தகைய அலகுகளால் விளையும் வணிக, பொருளாதார நன்மைகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கவுண்டி என்பதன் பொருள்

கவுண்டி என்னும் சொல்லை 'மாவட்டம்' என மொழிபெயர்ப்பது எளிது. ஆனால் அது முழுப்பொருளைத் தருவதில்லை. மலேசியாவில் மாவட்டம் என்பது மாநில அரசின் நிருவாகக் கிளை. மாவட்ட அதிகாரி பணியமர்த்தப்படுகிறாரேயன்றி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. வர்ஜீனியாவின் 95 கவுண்டிகளோ மக்கள் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் அவைகளால் ஆளப்படுகின்றன. சொத்து வரியின் விகிதத்தை முடிவு செய்தல், நிலத்தின் பயன்பாட்டை வரையறுத்தல், பள்ளிகளுக்கு நிதி ஒதுக்குதல் ஆகியவை இவ்வவையின் கடமைகளாகும். இவ்வேறுபாடு கருதியே இக்கட்டுரையில் கவுண்டி என்னும் சொல்லையே ஆளுகிறோம்.

எனினும் கவுண்டி தன்னுரிமை பெற்ற குட்டி அரசு அன்று. மாநிலச் சட்டமன்றம் வழங்கிய அதிகாரங்களை மட்டுமே வட்டார அரசுகள் செலுத்தலாம் என்னும் கண்டிப்பான கோட்பாட்டை வர்ஜீனியா பின்பற்றி வருகிறது. அம்மாநிலத்திற்கே உரிய மற்றொரு கூறும் உண்டு. அங்குள்ள 38 தனி நகரங்கள் எந்தக் கவுண்டிக்கும் உட்படாதவை. எனவே நகரின் வரி நகருக்கும் கவுண்டியின் வரி கவுண்டிக்கும் என்ற பிரிவு அங்கு மிகத் தெளிவாக உள்ளது.

வரியும் பொறுப்பும் ஓரிடத்தில் அமைதல்

கவுண்டி அமைப்பின் முதன்மையான நன்மை, வரி பெறும் உரிமையும் அதனைச் செலவிடும் பொறுப்பும் ஒரே அவையிடம் இருப்பதாகும். வர்ஜீனியாவில் பள்ளி வாரியங்களுக்கு வரி விதிக்கும் உரிமை கிடையாது. மாநில நிதிக்கு மேலாக வேண்டுவதை மேற்பார்வையாளர் அவையிடமே அவை பெறுகின்றன. ஒரு நிறுவனத்தை வரவேற்கும் அவை, அதனால் ஏற்படும் சாலை நெரிசலையும் இரைச்சலையும் தன் மக்களுக்கு விளக்கியாக வேண்டும். அதன் வரியால் எழும் வகுப்பறைகளையும் காட்ட இயலும். ஊதியமும் இழப்பும் ஒரே கணக்கேட்டில் பதிவாவதால் முடிவுகள் பொறுப்புடன் அமைய வாய்ப்புண்டு.

வணிகருக்கும் இதனால் பயன் உண்டு. நில ஒப்புதல், கட்டட உரிமம், வரி மதிப்பீடு ஆகிய பலவற்றை ஒரே நிருவாகத்துடன் பேசி முடிக்கலாம். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் பொருளாதார மேம்பாட்டு ஆணையம் 1964ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டமை, தொழில் முதலீட்டைக் கவுண்டி நிலையிலேயே தேடும் மரபு எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டுகிறது.

லவுடன் கவுண்டி: பால் பண்ணையிலிருந்து தரவு மையம் வரை

1757இல் ஃபேர்ஃபாக்ஸிலிருந்து பிரிக்கப்பட்ட லவுடன் கவுண்டி நெடுங்காலம் வேளாண்மையையும் பால் பண்ணைகளையும் சார்ந்திருந்தது. 1962இல் டல்லஸ் விமான நிலையம் ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் ஆகிய இரு கவுண்டிகளின் எல்லையில் திறக்கப்பட்டது. 1992இல் வட வர்ஜீனியாவில் அமைந்த இணையப் பரிமாற்ற மையமும், 1996இல் டல்லஸ் பகுதிக்குத் தன் தலைமையகத்தை மாற்றிய அமெரிக்கா ஆன்லைன் நிறுவனமும் அடுத்த கட்ட வளர்ச்சிக்கு வித்திட்டன. 1990இல் 86,129 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 420,959 ஆக உயர்ந்தது.

இன்று இக்கவுண்டியின் ஆஷ்பர்ன் பகுதி உலகின் மிகப் பெரிய தரவு மையத் தொகுதியின் நடுவாக விளங்குகிறது. கட்டடத்தின் மீதான வரியைக் காட்டிலும் அதனுள் இருக்கும் கணினிக் கருவிகளின் மீதான வரியே இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. கருவிகளின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்கிறது. ஆனால் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பிப்பதால் வரியின் அடித்தளமும் புதுப்பிக்கப்படுகிறது. குடியிருப்புகள் பெருகினால் பள்ளி, நூலகம், காவல் ஆகிய செலவுகளும் பெருகும். தரவு மையமோ ஒரு மாணவரைக்கூடப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. இதன் பயன் வீட்டுடைமையாளரைச் சென்றடைந்தது. 2012இல் ஒவ்வொரு 100 டாலர் மதிப்பிற்கும் 1.235 டாலராக இருந்த அசையாச் சொத்து வரி விகிதம் 2024இல் 0.865 டாலராகக் குறைந்தது.

அண்டைக் கவுண்டிகளின் போட்டி

வெவ்வேறு கவுண்டிகள் வெவ்வேறு வழிகளைச் சோதித்துப் பார்க்க இயல்வது இரண்டாவது நன்மையாகும். லவுடன் கணினிக் கருவிகளுக்கு 100 டாலருக்கு 4 டாலருக்கும் மேற்பட்ட வரி பெற்றுவந்த காலத்தில், அண்டையிலுள்ள பிரின்ஸ் வில்லியம் கவுண்டி 1.25 டாலர் மட்டுமே விதித்து நிறுவனங்களை ஈர்க்க முயன்றது. நிறுவனங்கள் நிலைபெற்ற பின்னர் அது படிப்படியாக உயர்த்தி, 2024இல் 3.70 டாலர் என நிருணயித்தது. குறைந்த வரி மட்டுமே முதலீட்டை இழுப்பதில்லை என்பதை இது உணர்த்துகிறது. மின்வசதி, ஒளியிழை வடம், நிலம், நிருவாக விரைவு ஆகியவையும் நிறுவனங்களால் எடைபோடப்படுகின்றன.

இந்நன்மைக்கு விலையும் உண்டு. மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 250,000 சதுர அடி கொண்ட தரவு மையம் ஒன்றில் கட்டுமானம் முடிந்தபின் 50 பேர் அளவிலேயே முழுநேரமாகப் பணியாற்றுகின்றனர் எனக் கூறுகிறது. தரவு மையங்கள் மிகுந்த ஐந்து வட்டாரங்களில் அவற்றின் பங்கு மொத்த வருவாயில் 1 விழுக்காட்டிற்கும் குறைவாகத் தொடங்கி 31 விழுக்காடு வரை வேறுபடுவதையும் அது சுட்டுகிறது. ஒரே தொழிலை இந்த அளவிற்குச் சார்ந்திருத்தல் இடர்ப்பாடு மிக்கது. 2025 மார்ச்சில் லவுடன் அவை, தரவு மையங்கள் அவையின் தனி ஒப்புதலின்றித் தாமாகவே எழும்ப இடந்தந்த விதியை நீக்கியதை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

புக்கானன் கவுண்டி: எல்லையின் மறுபக்கம்

அதே மாநிலத்தின் தென்மேற்கு மலைப்பகுதியில் உள்ள புக்கானன் கவுண்டி நிலக்கரியால் வாழ்ந்தது. அகழ்ந்தெடுக்கப்படும் கரியின் மீது வட்டார வரி விதிக்கும் உரிமையும் அதற்கு இருந்தது. 1990இல் உச்சத்தை எட்டிய வர்ஜீனியாவின் நிலக்கரி உற்பத்தி பின்னர் வீழ்ச்சியுற்றது. 1980இல் 37,989 ஆக இருந்த புக்கானனின் மக்கள்தொகை 2020இல் 20,355 ஆகச் சுருங்கியது. கவுண்டியின் தலைமையூரான கிரண்டியில் 1997இல் சட்டக் கல்லூரி ஒன்றும், ஓக்வுட் என்னுமிடத்தில் 2005இல் மருந்தியல் கல்லூரி ஒன்றும் தொடங்கப்பட்டன. கல்வியையே ஒரு தொழிலாகக் கொண்டு ஊரைக் காக்க முனைந்த முயற்சி இது.

லவுடனுக்கும் புக்கானனுக்கும் சட்டம் வழங்கிய அதிகாரங்கள் பெரும்பாலும் ஒத்தவையே; பயன்களோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உடையவை. இவ்விடைவெளியைக் குறைக்க மாநிலம் பள்ளி நிதியைப் பங்கிடும்போது வட்டாரத்தின் அசையாச் சொத்து மதிப்பிற்கு 50, மக்களின் வருமானத்திற்கு 40, சில்லறை விற்பனைக்கு 10 விழுக்காடு எனக் கணக்கிட்டு, வசதி குறைந்த கவுண்டிக்குக் கூடுதல் பங்கு அளிக்கிறது. மாநிலத்தின் இக்கை இல்லையேல், கவுண்டியின் எல்லை குழந்தையின் கல்விக்கும் எல்லையாகிவிடும்.

எல்லை கடந்த ஒத்துழைப்பு

பெரிய அலகின் பயனை உணர்ந்து சிறு நகரங்கள் கவுண்டிக்குள் இணைந்ததும் உண்டு. சவுத் பாஸ்டன் 1995இலும், கிளிஃப்டன் ஃபோர்ஜ் 2001இலும், பெட்ஃபோர்டு 2013இலும் தனி நகர நிலையைத் துறந்து முறையே ஹாலிஃபாக்ஸ், அலகனி, பெட்ஃபோர்டு கவுண்டிகளின் பகுதியாயின. ஒரே சேவையை இரு நிருவாகங்கள் தனித்தனியே நடத்துவதால் ஏற்படும் செலவைச் சிறு நகரின் வரி தாங்குவது கடினம் என்பதே இதன் அடிப்படை.

இணையாமலும் ஒன்றுபடலாம். புகையிலையும் நெசவும் நலிந்த டான்வில் நகரமும் அதனைச் சூழ்ந்த பிட்சில்வேனியா கவுண்டியும் கூட்டு ஆணையம் அமைத்து, பெர்ரி ஹில் தொழில் வளாகத்தின் செலவையும் வருவாயையும் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. அவ்வளாகத்தில் 135 கோடி டாலர் முதலீட்டில் ஆலை அமைக்கவிருப்பதாக 2024 நவம்பரில் மைக்ரோபோரஸ் நிறுவனம் அறிவித்தது. தனித்து நின்றால் இவ்விரண்டும் ஒரே முதலீட்டிற்காக வரிச் சலுகைகளை வாரி வழங்கிப் போட்டியிட நேர்ந்திருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கவுண்டி தரும் பொருளாதார நன்மை நிலத்தில் இயல்பாகவே கிடப்பதன்று. முடிவெடுப்பவர், வரி பெறுபவர், விளைவை ஏற்பவர் ஆகியோரை ஓரிடத்தில் சேர்ப்பதால் உருவாவது எனத் தெளிகிறோம். அதே கோடு செல்வத்தை ஒருபுறம் தேக்கிவைக்கும் அணையாகவும் மாறக்கூடும். ஆகவே வட்டாரத்திற்கு உரிமை, மாநிலத்திற்குச் சமன்செய்யும் கடமை, அண்டை அலகுகளுக்கிடையே பகிர்வு ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும்போதுதான் கவுண்டி அமைப்பு முழுப்பயன் தரும். வட்டார நிருவாகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் எல்லைகளின் பெயர்களோடு நின்றுவிடாமல், 'இவ்வெல்லைக்குள் கிடைக்கும் வரி யாருடைய பள்ளிக்குச் செல்கிறது?' என்னும் வினாவையும் மாணவர்முன் வைப்பது நலம் எனக் கருதுகிறோம்.