கடற்பசுவைக் காக்க எக்ஸெல்லில் ஒரு கணக்கு

எக்ஸெல் என்றால் வீட்டு வரவு செலவு எழுத மட்டும்தானா என்று கேட்கும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரை. ஒரு விலங்கினம் எத்தனை இழப்பைத் தாங்கும் என்பதையும் அதில் கணக்கிடலாம்.

நான் ஏற்காட்டுக்காரன். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் செடிகளை வரிசை வரிசையாக எண்ணிவிடலாம். கடலில் திரியும் விலங்கை அப்படி எண்ண முடியாது. பாக் விரிகுடாவில் வாழும் கடற்பசுவையே எடுத்துக்கொள்வோம். மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன பாலூட்டி இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இதைக் கொல்வது குற்றம். ஆனாலும் வலையில் சிக்கினால், மூச்சு விட மேலே வர முடியாமல் இறந்துவிடும். இந்தியாவில் மிஞ்சியிருப்பவை சுமார் 200 என்பது ஒரு மதிப்பீடு. 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குட்டிதான் போடும்.

ஆண்டுக்கு எத்தனை இறந்தால் இனம் தாங்கும்? அமெரிக்கா 1994ல் கடல் பாலூட்டிகளுக்கான சட்டத்தில் சேர்த்த எளிய முறை இது. எக்ஸெல்லைத் திறந்து டைப் செய்யுங்கள்:

ஏ1: 200 (குறைந்தபட்ச எண்ணிக்கை)
ஏ2: 0.05 (ஆண்டுக்கு அதிகபட்சம் 5 சதவீதம்தான் பெருகும்)
ஏ3: 0.5 (அந்தப் பெருக்கத்தில் பாதி)
ஏ4: 0.5 (பாதுகாப்புக்காகக் குறைப்பது)

ஏ5ல் சமக்குறி போட்டு, நான்கு செல்களையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். இடையில் நட்சத்திரக் குறி போடுங்கள். என்டர் தட்டினால் 2.5 என்று வரும். அழியும் நிலையில் உள்ள இனத்துக்கு ஏ4ல் 0.1 போட வேண்டும். விடை 0.5. அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று!

ஏ1ல் போடும் எண் தவறினால் எல்லாமே தவறும். ஆர்க்டிக் கடலில் போஹெட் திமிங்கிலம் மிகக் குறைந்துவிட்டது என்று கருதி, 1977ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அலாஸ்கா மக்களின் வேட்டைக்குத் தடை போட்டது. "பனிக்கட்டிக்கு அடியிலும் போகின்றனவே, கண்ணால் எண்ணினால் போதுமா?" என்பது வேட்டைக்காரர்களின் வாதம். நீருக்கடியில் மைக் வைத்துத் திமிங்கிலக் குரல்களைப் பதிவு செய்தபோது அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. 2011ல் எண்ணிக்கை சுமார் 17,000. ஏ1ல் 17000, ஏ2ல் 0.04, ஏ4ல் 0.5 போட்டால் 170 வரும். 2019ல் தொடங்கிய ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 67 ஈட்டி வீச்சுகளே அனுமதி. ஆகவே அந்த வேட்டையை அந்த இனம் தாங்கும். நம் கடற்பசு தாங்காது.

அதனால்தான் 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கியதை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் தந்திருக்கிறது. ஒன்றை விடுவித்தாலே இரண்டு ஆண்டுக் கணக்கு மிச்சம்.

ஏ1ல் 100, 150 என்று மாற்றிப் பாருங்கள். ஏ5 தானாகவே மாறும். பிறகு பைலை மறக்காமல் சேவ் செய்யுங்கள்.